பழைய காரின் ஹீட்டரும் ஏசியும்: ஜுபைல் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வளைகுடாவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஏசியைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு உடனே கேஸுக்குப் போய்விடும். குளிர்ச்சி குறைந்தால் கேஸ் குறைந்துவிட்டது. அனல் காற்று வந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது. விட்டுவிட்டுக் குளிர்ந்தால் கேஸில் ஏதோ கோளாறு. பட்டறையிலும் இதே மருந்துதான். "கேஸ் கம்மியா இருக்குண்ணே, போட்டுட்டா ஜில்லுனு ஆயிடும்" என்று சொல்லி சிலிண்டரைத் திறந்துவிடுவார்கள். இரண்டு நாள் குளிரும், அல்லது குளிர்வது போலத் தோன்றும். அடுத்த வாரம் மறுபடியும் பழைய கதை.

பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய காரில், குளிர்ச்சியைத் தயாரிக்கும் பகுதி நன்றாக இருக்கும்போதே அதை ஆட்டிவைக்கும் பகுதி கெட்டுப்போயிருப்பது மிகச் சாதாரணம். கதவு போலத் திறந்து மூடும் ஃப்ளாப்புகள், அவற்றை இழுக்கும் கேபிள்கள், சின்னச் சின்ன மோட்டார்கள், சென்சார்கள், ப்ளோயரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர், சூடான தண்ணீரை மறிக்கும் ஹீட்டர் வால்வ் என்று இந்தப் பகுதி டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஹீட்டரையோ, வளைகுடாவில் அது எதற்கு என்று கேட்டு ஒதுக்கிவிடுகிறோம். ஹீட்டரும் ஏசியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒரே இயந்திரம். அதன் கட்டுப்பாட்டைச் சரிசெய்யாமல் கேஸைத் தொடுவது பணத்துக்கும் காற்றுக்கும் கேடு. இதைத்தான் இந்தக் கட்டுரை வாதிடுகிறது.

ஜுபைலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் கடலோரம் இருக்கும் ஊர். 1933இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் நிலவியலாளர்கள் வந்து இறங்கியபோது அது முத்துக்குளிப்பும் மீன்பிடிப்பும் நடந்த சிற்றூர். 1975இல் ஜுபைல், யான்பு நகரங்களுக்கான ராயல் கமிஷன் அமைக்கப்பட்ட பிறகு பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் எஃகு ஆலையும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் எழுந்தன. அவற்றோடு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெல்டர்களும் ஃபிட்டர்களும் பொறியாளர்களும் வந்து சேர்ந்தார்கள். கோடையில் இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் கொடுமை. தெற்கே 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தஹ்ரானில் 2003 ஜூலை 8ஆம் தேதி பனிநிலை 35 டிகிரி செல்சியஸ் என்று பதிவானது. உலகில் இதுவரை பதிவானவற்றில் மிக உயர்ந்ததாக அதையே சொல்கிறார்கள். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. 35 டிகிரியில் இருக்கும் கண்ணாடியிலேயே வியர்த்துக் கொட்டும் காற்று அது.

இந்த ஈரம் காரின் ஏசியை என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டால்தான் கட்டுப்பாட்டின் அருமை புரியும். வெளியே 34 டிகிரி வெப்பம், பனிநிலை 30 என்று வைத்துக்கொள்வோம். ஜுபைலில் ஆகஸ்ட் மாத இரவுக்கு இது அதிகமில்லை. அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு 27 கிராம் நீராவி இருக்கும். அதை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 7½ கிராம்தான் மிஞ்சும். மீதி கூலிங் காயிலில் தண்ணீராகப் படிந்து வடியும். அந்த நீராவியைத் தண்ணீராக்குவதற்கே கிலோவுக்கு ஏறக்குறைய 48 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். காற்றை வெறுமனே குளிர்விக்கத் தேவைப்படுவது 24தான். ஆக ஏசியின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈரத்தைப் பிழிவதற்கே போகிறது. ப்ளோயர் மணிக்கு 400 கன மீட்டர் காற்றைத் தள்ளினால், அது முழுக்க வெளிக்காற்றாக இருந்தால், 9 கிலோவாட் அளவு குளிரூட்டும் திறன் வேண்டும். சாதாரண சலூன் காரின் ஏசியோ 4 முதல் 6 கிலோவாட். வெளிக்காற்றை அடைத்து, உள்ளே ஏற்கெனவே உலர்ந்த காற்றையே திரும்பச் சுற்றவிட்டால்தான் அது தாக்குப்பிடிக்கும்.

அந்த அடைப்பைச் செய்வது ப்ளோயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரேயொரு பிளாஸ்டிக் ஃப்ளாப். அதன் மோட்டார் செத்துப்போய் ஃப்ளாப் பாதி திறந்து நின்றால், டேஷ்போர்டில் உட்காற்று விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே கடற்காற்று வந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் யாருக்கும் தெரியாது. ஆகஸ்டில், ரியாத் போனால் நன்றாகக் குளிர்கிற கார் ஜுபைலுக்குத் திரும்பியதும் மூச்சுவாங்கும். உலர்ந்த ஊரில் வேலை செய்து ஈரமான ஊரில் தோற்கும் ஏசியைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஃப்ளாப்பைத்தான். கேஸ் போடுகிறவர்கள் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இந்த ஊரில் பழைய காரை ஓட்டுகிறவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் பழைய காரை சவுதிக்குள் இறக்குமதி செய்ய அனுமதியில்லை. ஆகவே இங்கே ஓடும் பழைய கேம்ரியும் கொரோலாவும் சன்னியும் ஹைலக்ஸும் பெரும்பாலும் இந்த மண்ணிலேயே வயதானவை. பதினைந்து கோடைகளை இந்த உப்புக்காற்றிலும், ஜூன் ஜூலையில் வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் புழுதியிலும் கழித்தவை. நாலைந்து கை மாறி, கடைசியில் மாதச் சம்பளக்காரரிடம் வருகின்றன. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கும் நாடு இது. அந்த வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் ஏறி, நான்கு பேர் சேர்ந்து கேம்புக்கோ வீட்டுக்கோ போகிறார்கள். அவர்களுக்கு ஏசி உடம்பைக் காக்கும் சாதனம்.

காரின் ஏசிக்குக் கட்டுப்பாடு என்பது பின்னால் வந்த சேர்க்கைதான். 1930களின் இறுதியில் அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலில் காரோடு சேர்த்து ஏசி விற்றபோது, கம்ப்ரஸரை இன்ஜினிலிருந்து பிரிக்க கிளட்ச் கிடையாது. குளிர்காலத்தில் ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிரூட்டும் பெட்டியோ பின் இருக்கைக்கும் பின்னால். ஹீட்டர் வேறு இடத்தில் தனியாக. 1954இல் நாஷ் நிறுவனம்தான் ஹீட்டரையும் ஏசியையும் முன்பக்கம் ஒரே தொகுதியாக்கி, டேஷ்போர்டிலிருந்தே இயக்கும்படி செய்தது. 1964இல் காடிலாக் இன்னொரு படி ஏறியது: வேண்டிய வெப்பநிலையை ஒருமுறை திருகி வைத்தால் போதும், ஹீட்டரையும் ஏசியையும் கலந்து அதுவே பார்த்துக்கொள்ளும். இன்று நம் கார்களில் 'ஆட்டோ' என்று இருக்கும் பட்டனுக்கு அதுதான் முன்னோடி.

நம் ஊரில் கதை வேறு. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பெரும்பாலும் ஏசி இல்லாமல் வந்தன. வசதி உள்ளவர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே தனியாகத் தொங்கும் குளிர்ப்பெட்டியைப் பொருத்திக்கொண்டார்கள். அதில் இரண்டே திருகுகள், ஒன்று காற்றுக்கு, ஒன்று குளிருக்கு. ஹீட்டரோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழ்நாட்டில் தொழில் பழகி வளைகுடாவுக்கு வந்த மூத்த மெக்கானிக்குகள் பலருக்கு ஏசி வேறு, ஹீட்டர் வேறு என்ற எண்ணம் அங்கிருந்தே ஊறியது என்று நினைக்கிறேன். ஊரில் ஹீட்டரை ஊட்டிக்குப் போகிறவர்கள்தான் தேடுவார்கள்.

இப்போதைய காரில் காற்று போகும் வழியைப் பார்ப்போம். ப்ளோயர் இழுக்கும் காற்று முதலில் கூலிங் காயில் வழியாகப் போய்க் குளிர்ந்து உலர்கிறது. அடுத்து கலவை ஃப்ளாப் அந்தக் காற்றில் எவ்வளவை ஹீட்டர் காயில் வழியாக அனுப்புவது, எவ்வளவை நேராக விடுவது என்று பிரிக்கிறது. மூன்றாவதாக இன்னும் சில ஃப்ளாப்புகள் காற்றை முகத்துக்கா, காலுக்கா, முன் கண்ணாடிக்கா என்று திருப்புகின்றன. ஹீட்டர் காயிலில் ஓடுவது இன்ஜினைச் சுற்றி வரும் 85, 90 டிகிரி கூலன்ட். 5 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றும் 90 டிகிரி காயிலும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தட்டும் அதன் விளிம்பில் ஒட்டிய ஸ்பாஞ்சும்.

அந்த ஸ்பாஞ்சுதான் வயதான காரில் முதலில் உதிர்வது. ஏசி துளையிலிருந்து கறுப்புத் தூள் முகத்தில் வந்து விழுந்தால் அது அழுக்கல்ல, ஃப்ளாப்பின் ஸ்பாஞ்சு. அது போனபின் தட்டு முழுக்க மூடியிருந்தாலும் விளிம்பு வழியாகச் சூடு கசியும். எந்த கேஸும் அதைச் சரிசெய்யாது.

பல ஜப்பானியக் கார்களில் இந்தக் கசிவுக்கு மாற்றாக ஹீட்டர் வால்வ் வைத்திருக்கிறார்கள். குளிர்ச்சியை முழுக்கத் திருகினால், இன்ஜின் பக்கம் இருக்கும் இந்த வால்வ் மூடிக்கொண்டு, சூடான கூலன்ட்டை ஹீட்டர் காயிலுக்குள் விடாமல் மறித்துவிடும். வால்வை இழுக்கும் கேபிளின் கிளிப் கழன்றுவிட்டாலோ, வால்வின் உள்ளே காறை பிடித்து முழுதாக மூடவில்லை என்றாலோ, ஏசி ஒருபுறம் குளிர்விக்க ஹீட்டர் மறுபுறம் சுடவைக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் இரண்டு ரப்பர் குழாய்கள் நுழையும். வண்டி சூடானபின் குளிர்ச்சியை முழுக்க வைத்து, வால்வுக்கு அப்புறம் உள்ள குழாயைத் துணியை வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். ஆறியிருந்தால் வால்வ் நன்றாக இருக்கிறது. சுட்டால், குழாயைச் சேதப்படுத்தாத வழுவழுப்பான கிளாம்ப்பால் சிறிது நேரம் நெரித்துப் பிடித்து, ஏசி துளையில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வைக்க வேண்டும். சில நிமிடங்களில் அளவு மளமளவென்று இறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். கேஸ் பக்கம் போகவே வேண்டாம். வால்வ் இல்லாமல் கூலன்ட் எப்போதும் ஓடும்படி அமைத்த கார்களும் நிறைய உண்டு. அவற்றில் இரண்டு குழாயும் சுடுவது இயல்பு. ஆனால் நெரித்துப் பார்க்கும் சோதனை அவற்றிலும் பலிக்கும்: காற்று குளிர்ந்தால் கோளாறு கலவை ஃப்ளாப்பில்.

இந்த வால்வையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் பற்றி இன்னொரு கவலை. இன்ஜின் சூட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வெந்த பிளாஸ்டிக் அப்பளமாகிவிடும். 100 வரிசை லேண்ட் குரூஸரில் ஹீட்டர் குழாய்களை இணைக்கும் டி வடிவ பிளாஸ்டிக் இணைப்புகள் இப்படி உடைவதற்குப் பேர்போனவை. உடைந்தால் கூலன்ட் முழுதும் கொட்டி, நடுவழியில் இன்ஜின் கொதித்து, சிலிண்டர் ஹெட் வரை கெடும். ஏசி குளிரவில்லை என்று வரும் பழைய வண்டியில் இந்த இணைப்புகளையும் சேர்த்து மாற்றிவிடுவது மலிவான காப்பு.

அடுத்து ப்ளோயர் ரெசிஸ்டர். அறிகுறி தெளிவானது: ஒன்று, இரண்டு, மூன்று எதிலும் காற்று வராது, நாலில் மட்டும் முழு வேகத்தில் வரும். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. முழு வேகத்துக்கு நேராகப் போகிறது. ரெசிஸ்டர் எரிந்தால் நேர்வழி மட்டுமே மிஞ்சும். பயணி பக்கத்து கிளவ் பாக்ஸை இரு பக்கமும் அழுத்தி இறக்கினால், ப்ளோயர் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு திருகில் அது உட்கார்ந்திருக்கும். கழற்றினால் உள்ளங்கை அளவுத் தகட்டில் சுருள் கம்பிகள், ஒன்று அறுந்திருக்கும். அதைக் காற்றோட்டத்துக்குள் நீட்டிவைத்திருப்பதே காற்று அதைக் குளிர்விக்கட்டும் என்றுதான். புழுதி அடைத்து ஃபில்டர் மண்ணாகிக் காற்றோட்டம் குறைந்தால் ரெசிஸ்டர் காய்ந்து போகும். ப்ளோயர் மோட்டாரின் புஷ் தேய்ந்து இறுகினால் அதிக மின்சாரம் இழுத்து அப்போதும் எரியும். ஆகவே எரிந்ததை மட்டும் மாற்றுவது அரைவேலை. மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஃபில்டரை மாற்ற வேண்டும். கனெக்டரின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதையும் வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். உருகிய கனெக்டரில் புது ரெசிஸ்டரைச் செருகினால் அடுத்த கோடைக்குள் திரும்பி வருவார்கள், சில சமயம் புகையோடு. ஆட்டோ ஏசி உள்ள கார்களில் இந்த ரெசிஸ்டருக்குப் பதிலாகப் பவர் டிரான்சிஸ்டர் இருக்கும்.

கேஸின் மேல் மிக அநியாயமாகப் பழி விழுவது கூலிங் காயில் சென்சார் கெட்டபோதுதான். காயிலின் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது இந்தச் சின்ன சென்சார். அது பொய் சொன்னால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, காயிலில் படிந்த ஈரம் உறைந்து பனிக்கட்டியாகிக் காற்று போகும் வழியை அடைத்துவிடும். ஜுபைலிலிருந்து தம்மாம் போகும் நெடுஞ்சாலையில் முதல் அரைமணி நேரம் நல்ல குளிர். பிறகு காற்றே வராது, ப்ளோயரின் இரைச்சல் மட்டும் கேட்கும். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கும். கால்மணி கழித்து எடுத்தால் மறுபடி குளிரும். பட்டறைக்கு வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஆகவே "கேஸ்" என்று முடித்துவிடுவார்கள். சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் மெல்ல இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்தால் போதும்: குளிரக் குளிர ஓம் அளவு சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ சென்சார் போய்விட்டது. கேஸ் குறைந்தாலும் காயில் ஓரளவு உறையலாம் என்பதால், அழுத்த மீட்டரைப் போட்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

காற்றின் திசையை மாற்றும் ஃப்ளாப்பைப் பற்றி ஜுபைலுக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. ஊரில் மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். இங்கே கோடை இரவில் வெளிப்பக்கம் வியர்க்கிறது. ஃப்ளாப் முன் கண்ணாடியின் பக்கமே சிக்கிக்கொண்டால், குளிர்ந்த காற்று கண்ணாடியைப் பனிநிலைக்குக் கீழே இறக்கிவிடும். வெளிக்காற்றின் ஈரம் அதன் மேல் அப்படியே படியும். வைப்பர் போட்டால் ஒரு நொடி தெரியும், மறுபடி மூடும். கடலோரக் கார்னிஷ் சாலையில் இரவு வண்டி ஓட்டுகிறவருக்கு இது உயிர் விஷயம். டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி இறங்கும்போது நிலைமை தலைகீழ்: அப்போது கண்ணாடிக்கு உலர்ந்த வெதுவெதுப்பான காற்று வேண்டும். ஏசி ஈரத்தைப் பிழிந்து, ஹீட்டர் லேசாகச் சூடாக்கிக் கொடுத்தால்தான் உள்பக்கம் தெளியும்.

அதனால்தான் ஹீட்டரைத் துண்டிக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஹீட்டர் காயில் ஒழுகினால், பட்டறையில் இரண்டு குழாயையும் காயிலிலிருந்து பிடுங்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். பத்து நிமிட வேலை. காயிலை மாற்ற டேஷ்போர்டு முழுதையும் இறக்க வேண்டும். அவசரத்துக்கு இதைக் குறை சொல்ல மாட்டேன். கூலன்ட் காலில் ஒழுகும் வண்டியை அப்படியே ஓட்டுவதைவிட இது மேல். நிரந்தரமாக அப்படியே விடுவதுதான் தவறு. குளிர்கால மூடுபனியில் கண்ணாடியைத் தெளியவைக்க வழியில்லாமல் போகும். வெப்பநிலைத் திருகு வெறும் அலங்காரமாகிவிடும். மிதமான காற்று வேண்டுமென்றால் ஏசியை அணைத்து அணைத்துப் போட வேண்டியதுதான். அப்படி ஓட்டியே பழகிவிட்ட பலரை இங்கே பார்க்கலாம்.

ஆட்டோ ஏசிக்கு வந்தால் சென்சார்களின் ராஜ்யம். உள்ளறை வெப்பத்தை அளக்கும் சென்சார் டேஷ்போர்டில் சின்னச் சல்லடைக்குப் பின்னால் இருக்கும். அறைக்காற்றை அதன் மேல் இழுக்க ஒரு மெல்லிய குழாய் உண்டு. ரேடியோ மாற்றியவர் அந்தக் குழாயைத் தட்டிவிட்டிருந்தால், சென்சார் டேஷ்போர்டின் உள் வெப்பத்தைத்தான் அளக்கும். பின் இருக்கையில் குழந்தை நடுங்கினாலும் ஏசி முழு வேகத்தில் போகும். பல டொயோட்டா கார்களில் ஆட்டோ பட்டனையும் உட்காற்றுப் பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி சாவியைத் திருப்பினால், விளக்குகள் நான்குமுறை மின்னி, கோளாறு எண்கள் திரையில் வரும். 00 என்றால் குறையில்லை. 11 உள்ளறை சென்சார், 12 வெளி வெப்ப சென்சார், 13 கூலிங் காயில் சென்சார், 21 வெயில் சென்சார். ஸ்கேனர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டறைக் கொட்டகையின் இருட்டில் பார்த்தால் நல்ல வண்டியிலும் 21 வரும். வெயில் படாததையே அது கோளாறாக எண்ணிக்கொள்கிறது. வண்டியை வெளியே தள்ளி வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகே அந்தச் சென்சாருக்குச் செலவு செய்யலாம்.

ஃப்ளாப்பைத் திருப்பும் மோட்டார்கள் கெடும்போது டேஷ்போர்டுக்குள் 'டக் டக் டக்' என்று சத்தம் வரும், வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும். சில சமயம் மோட்டார் நன்றாகவே இருக்கும்; பேட்டரி மாற்றியபின் ஃப்ளாப்பின் இரு முனைகளையும் மறந்திருக்கும், மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும். புது மோட்டார் போடுமுன் ஃப்ளாப்பைக் கையால் அசைத்துப் பார்ப்பது அவசியம். புழுதியில் இறுகிய ஃப்ளாப்போடு புது மோட்டாரைச் சேர்த்தால் அதன் பல்லும் உடையும்.

பழைய அமெரிக்க, ஜெர்மானியக் கார்களில் ஃப்ளாப்பைத் திருப்புவது இன்ஜினின் வேக்கம். மெர்சிடிஸ் டபிள்யூ124இல் டேஷ்போர்டுக்குள் புதைந்திருக்கும் ரப்பர் சவ்வுகள் வெப்பத்தில் வெடிக்கும். 1970களின் இறுதியில் மெர்சிடிஸ் தன் டபிள்யூ123 போன்ற கார்களில் கிரைஸ்லரிடமிருந்து எடுத்துப் பொருத்திய தானியங்கிக் கட்டுப்பாட்டின் சர்வோ, பிளாஸ்டிக் உடல் விரிசல் விட்டு ஒழுகுவதற்கு இன்றும் பெயர் கெட்டுக் கிடக்கிறது. இவற்றை இதோடு விடுகிறேன்.

இத்தனையும் சரியாக இருந்து, பிறகும் குளிரவில்லை என்றால்தான் கேஸ். அதிலும் முறை இருக்கிறது. ஏசி மூடிய சுற்று. அதில் கேஸ் பெட்ரோல் போலத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கசிவை அடைத்து, அரைமணி நேரமாவது வேக்கம் பம்ப் ஓட்டி ஈரத்தை வெளியேற்றி, பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்துப் போட வேண்டும். சலூன் காருக்கு 500 கிராம் அளவுதான் பிடிக்கும். மீட்டர் முள்ளை மட்டும் பார்த்துக் கூடுதலாக அடைத்தால், நண்பகலில் அழுத்தம் எகிறிப் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அந்த எல்லை பல கார்களில் சுமார் 31, 32 பார்.

மலிவான சிலிண்டர் இன்னொரு ஆபத்து. 2011இல் கப்பல் துறைமுகங்களில் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் ஏசியிலும் இருக்கும் ஆர்-134ஏ கேஸின் போலியில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு, அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளாக மாறியிருந்தது. காரின் கண்டன்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். சுற்றுச்சூழல் கணக்கும் சின்னதில்லை. ஆர்-134ஏ, கரியமில வாயுவைப்போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். 500 கிராம் கசிந்தால் 700 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடு. 300 லிட்டர் பெட்ரோல் எரித்த அளவு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இதைத் தடைசெய்தது. 2016இல் கிகாலியில் நாடுகள் கூடி இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. ஹீட்டர் வால்வில் இருக்கும் கோளாறுக்கு ஆண்டுக்கு இரண்டுமுறை கேஸ் அடைக்கும் ஒவ்வொரு காரும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

ஏன் திரும்பத் திரும்ப இது நடக்கிறது? சனாயா எனப்படும் பட்டறைப் பகுதியில் தொழில் பிரிந்து கிடப்பது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஏசிக் கடை தனி, ரேடியேட்டர் கடை தனி, எலக்ட்ரீஷியன் தனி. ஏசிக்காரருக்குக் கேஸும் கம்ப்ரஸரும் தெரியும். ஹீட்டர் குழாய் ரேடியேட்டர்காரரின் எல்லை. மோட்டாரும் சென்சாரும் எலக்ட்ரீஷியனுடையது. ஃப்ளாப் யாருடைய எல்லையும் இல்லை. நம் ஐடிஐகளிலும் மோட்டார் மெக்கானிக் ஒரு பிரிவு, குளிர்சாதன மெக்கானிக் வேறு பிரிவு. கார் ஏசி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இரண்டையும் பழகிய இளைஞர்கள் வளைகுடாவுக்கு வந்தால் அவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது. இங்குள்ள பட்டறைகளில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. மூன்று கடைக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியின் முன் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

உதிரிபாகங்களில் சென்சாருக்கும் ஃப்ளாப் மோட்டாருக்கும் தஷ்லீஹ் எனப்படும் பழைய வண்டி உடைக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய அசல் பாகம், பெயர் தெரியாத புதுப் பாகத்தைவிடப் பெரும்பாலும் மேல். விபத்தில் நசுங்கிய வண்டியின் டேஷ்போர்டுக்குள் நல்ல மோட்டார்கள் இருக்கும். கழற்றுமுன் ஒன்பது வோல்ட் பேட்டரி வைத்து சுற்றிப் பார்த்து வாங்கலாம். சென்சாரும் சேர்ந்த மோட்டார் என்றால், பேட்டரி வைக்குமுன் கனெக்டரின் கால்களைச் சரிபார்க்க வேண்டும். ரெசிஸ்டரும் ஹீட்டர் வால்வும் புதிதாகவே வாங்க வேண்டும். வெந்ததை வெந்ததால் மாற்றுவதில் பயனில்லை.

மிஞ்சுவது டேஷ்போர்டை இறக்கும் கேள்வி. ஸ்பாஞ்சு உதிர்ந்த கலவை ஃப்ளாப்புக்கோ ஒழுகும் ஹீட்டர் காயிலுக்கோ வேறு வழி அபூர்வம். ஸ்டியரிங் வரை கழற்ற வேண்டியிருக்கும். ஏர்பேக் இருப்பதால் பேட்டரியைத் துண்டித்துச் சிறிது நேரம் விட்டுத்தான் தொட வேண்டும். முழு நாள் போய்விடும், சில வண்டிகளில் இரண்டு நாள். கார் இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஓடும் என்றால் இறக்குவதே சரி என்பது என் கருத்து. இறக்கினால் கூலிங் காயில், ஹீட்டர் காயில், சென்சார், ஃப்ளாப் ஸ்பாஞ்சு, ஓ-ரிங்குகள் எல்லாவற்றையும் அந்த ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும். கூலிக்குத்தான் செலவு, பாகங்களுக்கு அல்ல. அடுத்த ஆண்டே விற்கப்போகும் வண்டிக்கு ஹீட்டர் பெட்டியில் துளைபோட்டு அலுமினிய டேப்பால் ஃப்ளாப்பை ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்றால் அதில் தவறில்லை.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் டிசம்பரும் ஜனவரியும். ஜூலையில் ஏசிக் கடைகளில் கூட்டம். யாருக்கும் டேஷ்போர்டைத் திறக்க நேரமிருக்காது, கேஸோடு அனுப்பிவிடுவார்கள். ஜனவரிக் காலை பத்துப் பன்னிரண்டு டிகிரியில் ஹீட்டர் சூடு கண்ணாடிக்கு வருகிறதா, திருகைத் திருப்பினால் படிப்படியாகக் குறைகிறதா, முழுக்குளிரில் வால்வ் அடைக்கிறதா என்று எல்லாவற்றையும் ஒரே வேளையில் சோதிக்கலாம். அன்று கேஸின் அழுத்தத்தை மட்டும் முடிவாகச் சொல்ல முடியாது. அதை ஏப்ரல் கடைசியில், புழுக்கம் தொடங்கியதும் இன்னொருமுறை மீட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.